மூடிக்கு ஒருவர், ஜெனரேட்டருக்கு ஒருவர்

கிராம நிர்வாக அலுவலர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். கேட்டதும் எனக்கு வந்த முதல் எண்ணம், 'இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?' என்பதுதான். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் இந்த வியாதி போகவில்லை. பேத்தி ஓடி வந்து கட்டிக்கொண்டால்கூட "எதுக்கு இப்போ?" என்றுதான் வாயில் வருகிறது. பெரும்பாலும் எதற்காகவோதான் கட்டிக்கொள்கிறாள் என்பது வேறு விஷயம்.

இந்த வியாதியை எனக்குள் நட்டவர் என் முதல் அதிகாரி. "எவனாவது இனாமா ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தா, குடிக்கறதுக்கு முன்னாடி அவன் நிக்கிற இடத்தோட சர்வே நம்பரைப் பாருய்யா" என்பார். நான் பார்க்காமல் குடித்தேன். வாய்க்கால் கரையில் ஒருவர் கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு வாழ்த்தினேன். கோடை போயிற்று, பந்தல் போகவில்லை. கீற்று இருந்த இடத்தில் தகரம் வந்தது. தகரத்துக்கு அடியில் பிள்ளையார் வந்தார். பிள்ளையாருக்குத் துணையாக டீக்கடை வந்தது. கடைசியில் டீக்கடைக்காரரின் மாமியார் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். அந்தப் புறம்போக்கை மீட்க அலைந்ததில் எனக்கு இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. குடித்த மோர் அத்தனையும் வியர்வையாக வெளியே வந்துவிட்டது.

அன்றிலிருந்து நல்ல காரியம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் மனதை அரிக்கும். இப்படிப்பட்ட என்னிடம்தான், நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது, ஒரு மார்கழி மாதத்தில், தாசில்தார் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்.

குடியரசு தினத்தில் மாவட்ட அளவில் சமூக சேவைக்கு விருது. எங்கள் பகுதியிலிருந்து ஒரு கணவன் மனைவியின் பெயரை ஊர்க்காரர்கள் மனு எழுதி அனுப்பியிருந்தார்கள். அவர்களைப் பற்றி வெளியே தெரியாமல் விசாரித்து அறிக்கை தர வேண்டும். தவணை பத்து நாள்.

ராஜமாணிக்கம், தையல்நாயகி. அவர் ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்துக்கு மைக்செட் கட்டியவர். பிள்ளைகள் இல்லை. அவர்கள் செய்த சேவை, ஐஸ் பெட்டி. இறந்தவர் உடலைக் கெடாமல் வைக்கும் குளிர்பெட்டியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். நம் ஊர்களில் பாதி வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அப்பா கண்ணை மூடினால், மகனுக்கு லீவு கிடைத்து, விமானம் கிடைத்து, திருச்சியில் இறங்கி வீடு வந்து சேர இரண்டு மூன்று நாளாகிவிடும். அதுவரை அப்பா காத்திருக்க வேண்டும். இந்த இரண்டு பேரும் பெட்டியையும் ஜெனரேட்டரையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் போய் இறங்குவார்கள். இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்புவதும் கிடையாது. உடலை எடுக்கும்வரை அங்கேயே இருப்பார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் அவர் பொறுப்பு. பெட்டியின் கண்ணாடி மூடி அந்த அம்மாள் பொறுப்பு. வாடகை கிடையாது.

'வாடகை கிடையாது' என்ற இடத்தைச் சிவப்பு மையால் சுழித்தேன்.

அதோடு, தையல்நாயகி என்ற பெயர் எங்கேயோ இடித்தது. யோசித்ததில் நினைவு வந்தது. நாலைந்து மாதம் முன்னால் அந்த அம்மாள் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நான் அப்போதுதான் விசாரித்துக் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு வாரிசு சான்று பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்றார். "அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். "சம்பந்தம் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார். "அப்ப கெளம்புங்க" என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

சம்பந்தமில்லாத ஒரு பெண்மணிக்கு அடுத்தவர் வாரிசு சான்றில் என்ன வேலை? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கிராம உதவியாளர் மாரிமுத்துவை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு, முதலில் ஜமால் பாய் மளிகைக் கடைக்குப் போனேன். சோப்பு வாங்குகிறவன் மாதிரி பேச்சைத் தொடங்கினேன். நான் வாங்கிய சோப்புகளின் எண்ணிக்கையிலேயே பாய்க்கு விஷயம் புரிந்திருக்கும்.

"எங்க வாப்பா மௌத்தானப்ப நாங்களே கூப்பிட்டோம் சார்" என்றார். "எங்கள்ல சீக்கிரம் அடக்கிடுவோம். உம்மாதான், சின்னவன் மொகத்தப் பாக்காம எடுக்கக்கூடாதுன்னு ஒரே அழுகை. அவன் சவூதியிலேர்ந்து வரணும். இவங்க ரெண்டு பேரும் வந்து ஒரு நாள் முழுக்க நின்னாங்க."

"வந்த எடத்துல ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வாப்பாவுக்கு எத்தனை புள்ளைங்க, யார் யார் எங்க இருக்காங்க, யாரு வர வேண்டியது பாக்கின்னு எல்லாம் கேட்டாங்க."

என் காது இரண்டும் நிமிர்ந்தன.

"எல்லா வீட்லயும் கேப்பாங்கய்யா" என்றார் மாரிமுத்து. "ராஜமாணிக்கம் வாரிசு விசாரணையில சாட்சிக் கையெழுத்துகூட போடுறாரு. நம்ம ஆபீஸ் காகிதத்துலயே நாலஞ்சு இருக்கு."

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"நீங்கதானேய்யா அவரைக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கச் சொன்னீங்க. எழவு வீட்ல கூடவே இருந்தவரு, அவருக்குத்தான் தெரியும்னு."

அந்தப் பதிலை நான் காதில் வாங்கவில்லை. என் மூளையில் படம் ஓட ஆரம்பித்திருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் செத்த அன்றைக்கே வீட்டுக்குள் நுழைகிறார்கள். வாரிசு எத்தனை, எது உள்ளூர், எது வெளிநாடு என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு நிலத் தரகர் வருடக்கணக்கில் டீ வாங்கிக் கொடுத்தாலும் கிடைக்காத தகவல் இது. அதற்கு ஒரு பெட்டி, ஒரு ஜெனரேட்டர், கொஞ்சம் கண்ணீர். ஆகா, என்ன திட்டம்! அன்றைக்கே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். 'சேவை என்ற போர்வையில் நில விவகாரங்களில் தலையிடுவதாக வலுவான ஐயம் எழுவதால்' என்று ஒரு வரி வந்து விழுந்தது. அதை நானே இரண்டு தரம் சத்தமாகப் படித்து ரசித்தேன். ஆதாரம்தான் இல்லை. அதைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு நாளில் வாய்ப்பு வந்தது. கீழத்தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நானும் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "நீங்க சின்னவரோட மச்சான் தானே?" என்றார். தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் பெருமூச்சு விட்டேன். துக்க வீட்டில் பெருமூச்சு எல்லாக் கேள்விக்கும் பதில்.

தையல்நாயகி பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, நூல்புடவை, இரண்டு கையும் கண்ணாடி மூடியின் விளிம்பில். வருகிறவர்கள் கண்ணாடி வழியே முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு நகர்ந்தார்கள். யாராவது மூடியைத் திறக்கச் சொன்னால் மட்டும் அந்த அம்மாள் குனிந்து ஏதோ கேட்டார். சிலருக்குத் திறந்தார், சிலருக்குத் திறக்கவில்லை. என்ன கேட்கிறார் என்று தூரத்திலிருந்து கேட்கவில்லை. எழுந்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் மூடியைத் தெறங்கம்மா" என்றேன்.

"நீங்க என்ன வேணும்?"

"வந்து... தூரத்துச் சொந்தம்."

"தூரத்துச் சொந்தத்துக்குக் கண்ணாடி போதுங்க. மூடியைத் தெறந்தா குளிரு போயிடும். மக இன்னும் வந்து சேரல" என்றவர், துண்டுக்கு மேலே தெரிந்த என் கண்ணைப் பார்த்தார். "ஆர்.ஐ. சாருங்களா?"

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தள்ளினார்கள். அப்படியே கொல்லைப்பக்கம் ஒதுங்கினேன். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அது ஏதோ அவரிடம் பேசுவதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். இறந்தவரு ஒங்களுக்கு ஒறவா?"

"இல்லை. விசாரணை" என்றேன். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. எதற்காக இந்த வேலை என்று கேட்டேன். கத்தார் நாட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தாராம். அப்பா இறந்த செய்தி கேட்டுக் கிளம்பியிருக்கிறார். இங்கே முத்துப்பேட்டையிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ் பாரை வாங்கி வந்து உடைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெயிலில் அது எத்தனை நேரம் நிற்கும்? "நாலு மணி நேரம் சார். நாலே மணி நேரம் லேட்டா வந்தேன். எடுத்துட்டாங்க" என்றார். ஜெனரேட்டரின் சத்தம் லேசாக மாறியது. எழுந்து போய் எதையோ திருகிவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளும் வந்தார்.

"எல்லா வீட்லயும் எத்தனை பிள்ளைங்கன்னு கேக்கறீங்களாமே?" என்றேன். இன்னும் விசாரணை அதிகாரி தோரணை போகவில்லை.

"கேக்காம எப்படி சார்? பாக்க வர்ற எல்லாருக்கும் தெறந்தா, கடைசிப் பிள்ளை வந்து சேர்றவரைக்கும் ஒடம்பு தாங்குமா? பெத்தது, கூடப் பொறந்தது, கட்டுனது, இவங்க தொட்டுப் பாக்கணும். அவங்களுக்கு மட்டும்தான் மூடி. யாருன்னு தெரிஞ்சாத்தானே தெறக்க முடியும்?"

என் பையில் இருந்த 'வலுவான ஐயம்' அந்த இடத்திலேயே பாதி கரைந்தது. மீதியை அவரே கரைத்தார்.

"அன்னைக்கு ஒங்க ஆபீசுக்கு வந்தது அதுக்குத்தான் சார். மேலத்தெரு பெரியவரு வீட்ல மூணு நாள் பெட்டி இருந்துச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம் எல்லாரும் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாங்க. கொல்லை வழியா ஒரு பொண்ணு வந்துச்சு. பெரியவருக்கு நீ என்ன வேணும்னேன். மகள்னுச்சு. தெறந்தேன். அப்பா கன்னத்துல கைய வச்சுக்கிட்டு நின்னுச்சு, அப்புறம் வந்த வழியே போயிடுச்சு. அந்த வீட்ல நான் மூடி தெறந்தது மூணு பிள்ளைங்களுக்கு சார். நீங்க ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க."

தம்பிகளே, தங்கைகளே, அந்த வாரிசு விசாரணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலத்தெருவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். இளநீர் சீவிக் கொடுத்தார்கள். "ரெண்டே ஆம்பளப் பசங்கதான் சார், ரெண்டும் சிங்கப்பூர்ல" என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஊரே ஒரே குரலில் பேசினால் சந்தேகப்பட வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் இளநீர் நல்ல வழுக்கையாக இருந்தது. எழவு வீட்டில் கூடவே இருந்த ராஜமாணிக்கத்தைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஊரையே சந்தேகப்படுகிற மனிதன் அன்றைக்கு மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டான்.

மகள் பெயர் வசந்தா. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதால் 'செத்துவிட்டாள்' என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஊரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறாள் என்று தையல்நாயகி தேடித் தெரிந்து வைத்திருந்தார்.

மறுநாளே போனேன். நியாயத்துக்காகப் போனேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில், அவள் போலியாக இருக்க மாட்டாளா என்ற ஆசையில்தான் போனேன். தேங்காய்க் குவியலுக்கு நடுவே, நட்டு வைத்த கம்பியில் காயைக் குத்தித் திருகிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், முழங்கையில் ஒரு பழைய தழும்பு. நான் யார் என்று சொன்னேன்.

"அப்பாவுக்கு ரெண்டே பிள்ளைன்னு எழுதினது நீங்கதானா?" என்றாள். கை நிற்கவில்லை.

"நீங்கதான் அவர் மகள்னு எப்படி நம்புறது?"

"நீங்க நம்பி என்ன சார் ஆவப்போவுது? அண்ணனுங்க பொங்கலுக்கு வர்றாங்களாம். நெலத்தை வெலை பேசியாச்சாம், தை முடியறதுக்குள்ள கிரயமாம். மண்டியில சொன்னாங்க." கடைசியாக ஒரு காயை உரித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நெலத்தை விடுங்க. நான் பொறக்கவே இல்லன்னு கவர்மெண்ட் காகிதத்துல எழுதி வச்சிருக்கீங்களே, அதை மொதல்ல மாத்துங்க."

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயர், தெரு, முழங்கைத் தழும்பு, எல்லாம் சரியாக இருந்தன. தலைமையாசிரியர் டீ கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு விஷயம் புரிந்தது. நீங்கள் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் அந்தத் தம்பதி நில விவகாரத்தில் தலையிடுகிறவர்கள் என்ற அறிக்கை கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அதை மட்டும் அனுப்பிவிட்டால், நாளைக்குத் தையல்நாயகி எங்கே போய் என்ன சொன்னாலும் எடுபடாது. 'அவரா? அவரைப் பற்றித்தான் ஏற்கனவே அறிக்கை இருக்கிறதே' என்பார்கள். என் தப்பு வெளியே வராது. ஒரு கையெழுத்தில் நான் தப்பிவிடலாம். அவ்வளவு நாள் நான் வளர்த்த சந்தேகம் சரியாக என்னைக் காப்பாற்றும் இடத்தில் வந்து நின்றது. நான் அதைத் திட்டமிடவில்லை, சத்தியமாக. ஆனால் அதுவும் திட்டமிட்டது போலத்தான் பொருந்தி வந்தது. உங்கள் சந்தேகம் உங்களுக்கே வசதியாக இருந்தால் அங்கே வண்டியை நிறுத்துங்கள். நான் அன்று நிஜமாகவே நிறுத்தினேன். கல்லணைக் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அறிக்கையைக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். பின்னால் வந்த ஒருவர், "சார், வாய்க்கால்ல குப்பை போடாதீங்க" என்று அதட்டிவிட்டுப் போனார். நல்ல குடிமகன். அவரையும் எதற்கோ என்று சந்தேகப்பட்டேன்.

பத்து நாள் தூக்கம் வரவில்லை. மெமோ வரும், பதவி உயர்வு தள்ளிப்போகும், மனைவி என்ன சொல்வாள் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் மனைவியிடம் சொன்னேன். "மகளே இல்லன்னு எழுதினீங்களா? இங்க ரெண்டு மகளைப் பெத்து வச்சிருக்கீங்களே, இவங்களையும் எங்கயாவது விட்டு எழுதிடாதீங்க" என்றாள். அன்று மாலை என் மேல் நானே அறிக்கை எழுதிக்கொண்டு போனேன்.

தாசில்தார் இரண்டு முறை படித்தார். "ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு சார்."

"ஒங்க மேல நீங்களே புகார் எழுதியிருக்கீங்க. இதுல 'கவனக்குறைவாக இளநீர் அருந்திக்கொண்டிருந்த நிலையில்'னு வேற இருக்கு. இந்த இளநீரையாவது எடுத்துடலாமா?"

"அதுதான் சார் முக்கியக் காரணம்."

இளநீரை எடுத்துவிட்டார். மெமோவை எடுக்கவில்லை. கோட்டாட்சியர் வரை போய்ப் பழைய சான்று ரத்தானது. கிரயம் நின்றது. அண்ணன்மார் இருவரும் ஆபீசுக்கு வந்து கத்தினார்கள். நாலு பேர் முன்னால் அந்தப் பதிவேட்டு நகலைக் காட்டியதும், மூத்தவர் அந்தத் தழும்பு வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கேணியில் விழப்போன தங்கையைச் சின்ன வயதில் அவர் இழுத்துப் போட்டபோது அவளுக்குப் பட்ட காயமாம். பிறகு கத்தவில்லை. மூன்று பெயரோடு புதுச் சான்று வந்தது. அதை வாங்க வசந்தா வந்தபோது, தன் பெயரை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். என்னிடம் நன்றி சொல்லவில்லை. சரிதான்.

என் மேல் அறிக்கை கொடுத்த மறுநாளே, விருதுக்கான நல்ல அறிக்கையையும் கொண்டுபோயிருந்தேன். தவணை தாண்டி நாலு நாளாகியிருந்தது. பட்டியல் போய்விட்டது. நான் சந்தேகப்பட்டு அலைந்த நாட்கள்தான் அவர்கள் விருதைச் சாப்பிட்டன. குடியரசு தினம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"விடுங்க சார்" என்றார் ராஜமாணிக்கம். "குடியரசு தினத்தன்னைக்கு வடக்குத் தெருவுல பெட்டி இருந்துச்சு. எப்படியும் வந்திருக்க முடியாது."

"மறுபடியும் எழுதிப் போடுறேன்."

"போடாதீங்க" என்றார் தையல்நாயகி. "மறுபடியும் எழவு வீட்டுக்கெல்லாம் வந்து ஒக்காந்துக்குவீங்க."

போன ஐப்பசியில், நல்ல அடைமழையில், தையல்நாயகி காலமானார். மலேசியாவிலிருந்து அவர் தம்பி வர வேண்டியிருந்ததால் அந்த வீட்டுக்கே பெட்டி தேவைப்பட்டது. போனேன். தெருவில் குடை குடையாக ஜனம். ஜமால் பாய் பந்தலில் வழியும் தண்ணீரைக் கழியால் தள்ளிக்கொண்டிருந்தார். ராஜமாணிக்கம் உள்ளே இல்லை. கொல்லையில், கீற்று மறைப்புக்குள், ஜெனரேட்டர் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழையில் கரண்ட் வந்து வந்து போயிற்று. அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

தலைமாட்டில் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது வசந்தா. எப்போதிலிருந்து இவர்களோடு வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. எனக்குத் தாடி நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருந்தேன், மழையில் நனைந்து கோழி மாதிரி இருந்தேன். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. அந்த முகத்தைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் இருந்தது. "கொஞ்சம் தெறம்மா" என்றேன்.

"நீங்க என்ன வேணும்?"

வாயைத் திறந்தேன். எதுவும் பொருந்தவில்லை.

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். கை மூடியை விட்டு அசையவில்லை.

"தூரத்துச் சொந்தத்துக்குக் கண்ணாடி போதுங்க. தம்பி இன்னும் வந்து சேரல."

கண்ணாடி வழியே பார்த்துவிட்டு நகர்ந்தேன்.